பழைய பெட்ஃபோர்ட் ஜே6 லொறியும் அத ஓட வச்ச கல்முனைப் பக்கத்து கராஜும்: வாங்க நினைக்கிறாக்களுக்கு என்ட ரிவியூ

லொறி ரோட்டுக்கு வந்து மூணு மாசம் ஆகுது, மாசி அறுவடையும் ஓடி முடிச்சாச்சு, இப்பதான் எழுதுறன். பெயிண்ட் காயுற நேரத்துல எழுதியிருந்தா எல்லாமே நல்லதாத்தான் தெரிஞ்சிருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரை கிறவல் ரோட்டுல நெல்லு மூட்டையோட ஓடின பொறகு எழுதினாத்தான் வாசிக்கிற ஆளுக்கு ஏதாவது உதவும் எண்டு இவ்வளவு நாள் இருந்தன்.

வண்டி பெட்ஃபோர்ட் ஜே6, பதிவுப் புத்தகத்துல 1968 எண்டு கிடக்கு. மூக்கு நீட்டின டிஜே வகை, 1958ல இறக்கினது. அதுக்கு அடுத்த வருசம் வந்த டிகே எண்டது மூக்கில்லாத தட்டை முகம், ரெண்டையும் ஆக்கள் மாத்தி மாத்திச் சொல்றாங்க, விளம்பரத்துலயும் பிழையாத்தான் போடுறாங்க. டிகேல எஞ்சின் சீட்டுக்குப் பின்பக்கம், சைட்டுல உள்ள மூடியத் திறந்து கைய விட்டுத்தான் வேலை செய்யணும். டிஜேல பொனட்டத் தூக்கினா எஞ்சின் முழுக்க கண்ணுக்கு முன்னால. வீட்டு முத்தத்துல வச்சு தானே கை வைக்க நினைக்கிறாக்களுக்கு டிஜேதான் லேசு. என்டதுல 330 டீசல், 330 எண்டது கியூபிக் இஞ்ச், நம்மட கணக்குல 5.4 லீற்றர், ஆறு சிலிண்டர்.

ஏன் இது எண்டு கேட்டா, அப்பா களுவாஞ்சிக்குடி முதலாளி ஒராள்ட டிஜே லொறியில இருபது வருசத்துக்கு மேல சாரதி. பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளி, மண்டூர், அங்கால கொக்கட்டிச்சோலை எண்டு வயலுக்குள்ளயே போய் மூட்டை ஏத்தி வருவாரு. சின்ன வயசுல பொனட்டுக்கு மேல இருந்து சோறு திண்டிருக்கன், சூடு இன்னும் ஞாபகம். அந்த லொறி எங்க போச்சு எண்டே தெரியா. அப்பாக்கு இப்ப 74. அவர் இருக்கேக்கையே ஒண்டு எடுத்து ஓட வைக்கணும் எண்டது என்ட நீண்ட நாள் ஆசை. அதோட 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பொறகு ஜப்பான் லொறி விலை போன போக்குக்கு, பழைய வண்டி ஒண்ட முறையா செஞ்சா உழைக்கவும் செய்யும் எண்டு ஒரு கணக்கும் இருந்திச்சு.

மூணு லொறி பாத்தன். இந்த இடத்த கவனமா வாசிங்க, ஏனெண்டால் காசு போறதும் மிஞ்சுறதும் இஞ்சதான்.

முதலாவது வாழைச்சேனைப் பக்கம். பெயிண்ட் பளபளெண்டு, ரயர் புதுசு, விலையும் குறைவு. ஆனா மீனும் ஐஸும் ஏத்தின வண்டி. ஐஸ் தண்ணி உப்போட சேர்ந்து பாடிப் பலகைக்குள்ளால வடிஞ்சு சேஸில நிண்டிருக்கு. நான் ஒரு சின்னச் சுத்தியல் கொண்டு போய் சேஸ தட்டிப் பாத்தன், நல்ல இரும்பு எண்டா மணி மாதிரி கேக்கும், இது ‘டப் டப்’ எண்டு செத்த சத்தம், ஸ்பிரிங் தொங்குற பிராக்கெட்டுக்குப் பக்கத்துல தகடு தகடா உரிஞ்சு வந்திச்சு. ரெண்டாவது மண் ஏத்தின லொறி. அதுக்கு துரு குறைவு, ஆனா சேஸ் நடுவுல கொஞ்சம் இறங்கியிருந்திச்சு, பின்னுக்கு நிண்டு பாத்தா கபின் ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம். ஆத்துக்குள்ள இறங்கி முறுகி முறுகி ஏறின வண்டி அப்பிடித்தான் வரும். அத கொண்டு வந்த புரோக்கர் ‘ஸ்பிரிங் பிளேட் மாத்தினா நேராகும் அண்ண’ எண்டாரு. நேராகாது. நூல் கட்டிப் பாத்தா தெரியும், முன் ஸ்பிரிங் பின்ல இருந்து பின் ஸ்பிரிங் பின்னுக்கு குறுக்கால ரெண்டு பக்கமும் நூல் புடிச்சு அளங்க, ரெண்டும் ஒரே நீளம் வரணும்.

மூணாவது சம்மாந்துறைப் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலைக்குள்ள. 1978 நவம்பர் சூறாவளி அடிச்ச நேரம் ஆலைக் கூரை பறந்து போக இந்த லொறி அப்பிடியே நிண்டிச்சு எண்டு ஆலைக்கார ஹாஜியார் சொன்னாரு, அவர் அப்ப இளந்தாரி. பத்து வருசமா ஸ்டார்ட் பண்ணல, நாலு ரயர் மண்ணோட மண், கபின் தரை ஓட்டை, கோழி முட்டை வச்சிருக்கு. ஆனா கடைசி வரைக்கும் நெல்லும் உமியும்தான் ஏத்தியிருக்கு, கூரைக்குள்ளயே நிண்டிருக்கு. சேஸ தட்டினன், மணி. அந்த இடத்துலயே மனசுக்குள்ள முடிவெடுத்தன்.

‘தம்பி, எஞ்சின் ஓடாது எண்டுதான் தாறன், பொறகு வந்து சண்டை புடிக்கப்படாது’ எண்டாரு ஹாஜியார். 14.5 லட்சத்துக்கு முடிஞ்சிச்சு. வெளிப்பார்வைக்கு அந்த விலை கூட. ஆனா அவர்ட்ட புத்தகம் அவர்ட பேர்லயே இருந்திச்சு, சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோட ஒத்து வந்திச்சு, எஞ்சின் மாத்தாத வண்டி. இதுக்குத்தான் நான் காசு குடுத்தன். பழைய பெட்ஃபோர்ட் கனக்கத்துல இசுசு எஞ்சினோ வேற எதுவோ ஏத்தியிருப்பாங்க, ஓட்டத்துக்கு அது நல்லம்தான், ஆனா புத்தகத்துல மாத்தியிருக்க மாட்டாங்க. ஓப்பின் பேப்பர்ல, அதாவது புத்தகத்துல பேர் மாத்தாம கையெழுத்து வச்ச பாரத்தோட மட்டும் நாலு கை மாறி, முதல் சொந்தக்காரர் மௌத்தாகி, பிள்ளைகள் எங்க எண்டு தெரியாம கிடக்குற வண்டிய சும்மா தந்தாலும் வாங்காதீங்க. சேஸ் நம்பருக்கு மேல கிறீஸ் அப்பியிருந்தா மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, கடதாசிய வச்சு பென்சிலால உரசி எடுத்து புத்தகத்தோட பக்கத்துல வச்சுப் பாருங்க. விக்கிறவர் பாக்குறாரே எண்டு வெக்கப்படவே வேணாம்.

இனி கராஜ். பேர் போடேல்ல, கராஜ்காரருக்கு விருப்பமில்ல, இருக்கிற வேலையே கூட எண்டாரு. கல்முனையில இருந்து கொஞ்சம் தள்ளி, ரெண்டு வேப்ப மரத்துக்குக் கீழ தகரக் கொட்டில். அவர நாங்க காக்கா, அதாவது அண்ணன் எண்டுதான் கூப்பிடுறது. காக்காக்கு எழுபது இருக்கும், அவர்ர வாப்பா கல்லோயா நீர்ப்பாசனத் திட்ட வேலை நடக்கேக்க லொறி ஓட்டினவராம். இவர் கை வச்ச முதல் எஞ்சினே பெட்ஃபோர்ட். அவரும் மகனும் ரெண்டு பொடியன்மாரும், அவ்வளவுதான்.

அவர்ட்ட எனக்குப் புடிச்சது கழட்டின எதையும் எறிய மாட்டாரு. ஒரு பலகையில வரிசையா அடுக்கி, நான் போற சனிக்கிழமை எல்லாம் ‘இஞ்ச வாங்க தம்பி, இதப் பாருங்க, இது போகும், இது போகாது’ எண்டு கையில தந்து காட்டுவாரு. பிஸ்டன் ரிங் எல்லாம் ஒட்டிப் புடிச்சிருந்திச்சு. சிலிண்டருக்குள்ள டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஊத்தி ஒரு கிழமை விட்டாரு, பொறகுதான் கிராங்க மெதுவா கையால சுத்தினாரு. பேட்டரிய வச்சு இழுத்துப் பாருங்க எண்டு நிண்டாக்கள் சொன்னாங்க, அவர் விடல. அப்பிடி இழுத்திருந்தா ரிங் முறிஞ்சு சிலிண்டரக் கீறியிருக்கும், என்ட காசும் முறிஞ்சிருக்கும். லேத்துல குடுத்து ஆறுக்கும் லைனர் போட்டு, கிராங்க் அரைச்சு, பெயாரிங் அண்டர்சைஸ் போட்டம். டீசல் பம்பும் நொசலும் தனியா பம்ப் கடைக்குப் போச்சு. ரிங்கும் கேஸ்கட்டும் தேடி ராவு பஸ்ஸுல கொழும்புக்குப் போய் வாகன சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில ரெண்டு நாள் நடந்தன், ஒரு கடையில தந்த ஹெட் கேஸ்கட் வேற எஞ்சினுக்குரியது, இஞ்ச வந்து வச்சுப் பாக்கத்தான் தண்ணி ஓட்டை ஒத்து வரேல்ல. பழைய கேஸ்கட்ட கையோட கொண்டு போங்க, நம்பர நம்பிப் போகாதீங்க.

பிடிக்காதது, நேரம். அஞ்சு மாசம் எண்டாரு, 14 மாசம் எடுத்திச்சு. பெரும்போகம் தொடங்கினா உழவு மெஷின், அறுவடை எண்டா வெட்டுற மெஷின், எல்லாரும் அவர்ட்டத்தான் வருவாங்க, நம்மட வண்டி மூலைக்குப் போயிரும். கணக்கும் கொப்பி இல்ல, வாயாலதான். பொய்யான கணக்கு ஒண்டுமில்ல, ஆனா எனக்கு வீட்டுல பதில் சொல்லணும், அதால நானே ஒரு சீஆர் கொப்பி வாங்கிக் குடுத்து ‘காக்கா, இதுல எழுதுங்க’ எண்டன், அதுக்குப் பொறகு மகன் ஒழுங்கா எழுதினான். ரேடியேட்டர் ஈயம் வச்சது ரெண்டு தரம் ஒழுகினது, மூணாவது தரம் கோர் மாத்தித்தான் நிண்டிச்சு. அந்த வேலைக்கு காசு திருப்பி எடுத்தாரு இல்ல.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. எல்லாரும் எஞ்சின் எஞ்சின் எண்டு நிப்பாங்க. எஞ்சின் நிண்டா லொறி ரோட்டுல நிக்கும், அவ்வளவுதான். பிரேக் இல்லாட்டி நிக்காது. 14 மாசத்துல நாங்க ஆகக் கூடுதலா மினக்கெட்டது பிரேக்குலதான், அதுதான் சரி எண்டு இப்பவும் சொல்றன்.

இந்த வண்டியில பிரேக் ஹைட்ரோலிக், மிதிக்கிற கால் பலத்தக் கூட்டுற வாக்கியூம் பூஸ்டர் துணைக்கு. பெட்ரோல் எஞ்சினெண்டால் காத்து இழுக்குற வழியிலயே வாக்கியூம் கிடைக்கும். டீசலுக்கு அந்த வழியில திரொட்டில் மூடி இல்ல, அதால தனியா ஒரு வாக்கியூம் பம்ப் எஞ்சினோட சுத்தணும். பத்து வருசம் நிண்ட வண்டியில அந்தப் பம்ப் இழுக்காது, குழாய் வெடிச்சிருக்கும், பூஸ்டருக்குள்ள இருக்குற ரப்பர் அப்பளமா இருக்கும். வண்டி வாங்கப் போற இடத்துல இத ஒரு நிமிசத்துல பாக்கலாம்: எஞ்சின் நிக்கேக்க பிரேக்க அஞ்சாறு தரம் மிதிச்சு விடுங்க, பொறகு காலால அமத்திப் புடிச்சபடி ஸ்டார்ட் பண்ணுங்க, பூஸ்டர் வேலை செய்யுதெண்டா மிதி கால்லயே கொஞ்சம் கீழ இறங்கும். இறங்காட்டி உங்கட கால் பலத்துல மட்டும்தான் அந்த வண்டி நிக்கும், காலி வண்டியில அது தெரியாது, 100 மூட்டை ஏத்தின பொறகுதான் தெரியும்.

அதோட அந்தக் காலத்து லொறியில பிரேக் லைன் ஒண்டுதான், இப்பத்தையான் மாதிரி முன்னுக்கு வேற பின்னுக்கு வேற இல்ல. எங்கயாவது ஒரு குழாய் வெடிச்சா நாலு சில்லும் போச்சு. அதால பழைய குழாய் ஒண்டும் விடாம கழட்டி எறிஞ்சு எல்லாம் புதுசா வளைச்சுப் போட்டம், வீல் சிலிண்டர் எல்லாத்துக்கும் ரப்பர் கிட், ஹேண்ட் பிரேக்கும் தனியா செஞ்சம். ஒரு விசயம், பழைய பிரேக் லைனிங்குல அஸ்பெஸ்டஸ் இருக்கும். கொம்பிரஷரால ஊதித் துப்பரவாக்குறது நம்மட கராஜ் எல்லாத்துலயும் பழக்கம். வேணாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது. நான் மாஸ்க் வாங்கிக் குடுத்து, தண்ணி அடிச்சு நனைச்சுத்தான் டிரம்ம கழட்ட விட்டன், பொடியன்மார் சிரிச்சாங்க, ஆனா காக்கா ‘தம்பி சொல்றது சரி, போடுங்க’ எண்டாரு.

மற்றது றிம். 20 இஞ்ச் சில்லு, லொக் றிங் போட்ட பழைய வகை, அதாவது ரயர றிம்மோட புடிச்சு வைக்கிற கழட்டுற இரும்பு வளையம். துருப் புடிச்ச லொக் றிங்குக்கு காத்து அடிக்கேக்க அது சரியா இருக்காட்டி குண்டு மாதிரி பறக்கும், ஆள் சாகும். ரயர்க் கடையில ஒரு பொடியன் சில்ல நிலத்துல போட்டு அதுக்கு மேல குனிஞ்சு நிண்டு காத்து அடிக்க வெளிக்கிட்டான், நான் நிப்பாட்டி, சில்லுக்குள்ளால சங்கிலி சுத்திக் கட்டி, நீளமான ஹோஸ் போட்டு தள்ளி நிண்டு அடிக்க வச்சன். ரெண்டு றிங் வளைஞ்சிருந்திச்சு, ரெண்டையும் பாவிக்கல, வேற தேடிப் போட்டன். ஆறு ரயரும் டியூப், பிளாப்போட ஆறு லட்சத்துக்குக் கிட்ட முடிஞ்சிச்சு. மேல் வெட்டுப் பூ நல்லா இருக்கு எண்டு பழைய ரயர் எடுக்காதீங்க, பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு கிழமை, பிந்தின ரெண்டு வருசம், அதப் பாத்து எடுங்க.

கரண்ட் வேலை சுருக்கமா சொல்றன். டைனமோவ மாத்தி ஒல்டனேட்டர் போட்டம், ரா ஓட்டத்துக்கு அது வேணும். மாத்த முதல் எர்த் எந்தப் பக்கம், பேட்டரிட எந்த முனை சேஸோட சேர்ந்திருக்கு எண்டு பாருங்க, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டி சிலதுல பாசிட்டிவ் எர்த்து, பாக்காம குடுத்தா ஒல்டனேட்டர் அங்கயே கருகும்.

பாடி செஞ்சது ஆரையம்பதி ஓடாவி (தச்சர்) ஒராள், இவரப் பத்தி எவ்வளவு சொன்னாலும் காணாது. ஆலைக்கார ஹாஜியார் பழைய கூரை மரம் தந்தாரு, முதிரை, காஞ்சு இரும்பா இருந்திச்சு, தூணுக்கும் சட்டத்துக்கும் அதுவே காணும். தரைக்கு மருதம் பலகை. சேஸுக்கு மேல நேரா மரத்த வைக்காம நடுவுல ரப்பர் பட்டி போட்டு, யூ போல்டால இறுக்கினாரு. வெல்டர் ஒராள் சேஸ் விளிம்புல ஓட்டை போட்டு நட்டு அடிப்பம், லேசு எண்டாரு, ஓடாவி கைய புடிச்சு நிப்பாட்டிட்டாரு. விளிம்புல ஓட்டை போட்டா அந்த இடத்துலதான் சேஸ் வெடிக்கத் தொடங்கும், பாரம் முழுக்க அந்த விளிம்புலதான் நிக்கிறது. எழுத்து எழுதினது ஏறாவூர்க்காரர், ஸ்டிக்கர் இல்ல, தூரிகையாலதான். பழைய பெயிண்ட உரசேக்க அடியில பச்சை வந்திச்சு, அதே பச்சையத்தான் அடிச்சம்.

மொத்தச் செலவு லொறி விலையோட 39 லட்சம் தாண்டிச்சு. காசுக்காக மட்டும் பாக்குறாக்கள் இத செய்ய வேணாம், நேராவே சொல்றன்.

ஓட்டுறது எப்பிடி? ஸ்டியரிங் பாரம், பவர் இல்ல, வண்டி நகராம நிக்கேக்க திருப்பினா தோள் கழரும், கொஞ்சம் உருள விட்டுத் திருப்பணும். பஸ்ட் கியருக்கு டபுள் கிளச், அதாவது ரெண்டு தரம் கிளச் அமத்தாட்டி பல்லு கத்தும். கபினுக்குள்ள சூடு, சத்தம், பக்கத்துல இருக்குறவரோட கத்தித்தான் கதைக்கணும். வேகம் 60க்கு மேல நான் போறதில்ல, அதுக்கு மேல வண்டியும் விரும்பாது. பாரத்தோட லீற்றருக்கு 4 கிலோமீற்றர் மட்டில குடிக்குது என்ட கணக்குல. ஆனா இழுவை! ஈர வயலோரம் 90 மூட்டையோட சில்லு அரைவாசி புதைஞ்ச இடத்துல ரெண்டாம் கியர்ல அவசரப்படாம ‘ம்ம்ம்’ எண்டு முனகிக்கொண்டு ஏறி வந்திச்சு, பக்கத்துல நிண்ட புது லொறிக்காரர் பாத்துக்கொண்டே நிண்டாரு. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் எஞ்சின மாத்தாம விட்டது.

பிட்னஸ் செக்குல முதல் நாளே பாஸ். புகை டெஸ்ட்டுக்கு மட்டும் நொசல் திரும்பவும் பாக்க வேண்டி வந்திச்சு, ரெண்டாம் தரம் சரி.

மாமாங்கத்துல பூசை வச்சு நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வச்ச அண்டைக்கு காக்காவும் ஓடாவியும் வந்தாங்க, காக்கா வெளியில நிண்டு துஆ கேட்டாரு. நான் சாவிய அப்பாட்ட குடுத்தன். ‘வேணாம் மனே, கண்ணும் சரியில்ல, காலும் சரியில்ல’ எண்டாரு. பொறகு கொஞ்ச நேரம் சீட்டுல சும்மா இருந்தாரு, ஸ்டியரிங்க தடவினாரு, ஆரும் ஒண்டும் சொல்லல. திடீரெண்டு கிளச்ச அமத்தி, விட்டு, திரும்ப அமத்தி, பஸ்ட்ட போட்டாரு, ஒரு சத்தம் வரேல்ல. கோயில் வளவுக்குள்ளயே ஒரு சுத்து சுத்தி வந்து நிப்பாட்டிட்டு, இறங்கின உடன சொன்னது ‘பிரேக் நல்லா புடிக்குது. ஆர் செஞ்சது?’ எண்டு. நான் காக்காவக் காட்டினன்.

இன்னும் கிடக்கிற வேலை: கதவு ரப்பர் இல்ல, மழைக்கு உள்ள தண்ணி வருது. டீசல் டாங்க உள்ளுக்க துரு, பில்டர் மாசத்துக்கு ஒருக்கா மாத்துறன், சிறுபோகத்துக்கு முதல் கழட்டிக் கழுவணும். காக்காட்ட தேதி கேட்டிருக்கன், சித்திரை முடிய வரச் சொன்னாரு.